பழைய பிளேடுக்கு ஓர் உண்டியல்: சவர பிளேடுகளை வீட்டில் பத்திரமாக வைப்பதற்கும் அப்புறப்படுத்துவதற்கும் முழுமையான வழிகாட்டி

எனக்குப் பத்து வயது இருக்கும். அப்பா சவரம் செய்து முடித்ததும் பழைய பிளேடைக் குளியலறை ஜன்னல் விளிம்பில் வைத்துவிடுவார். அப்புறம் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம்தான். ஒரு நாள் அம்மா அந்த விளிம்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, துணியை வாளியில் முக்கிப் பிழிந்தார். கத்தவில்லை. வலித்ததாகவே தெரியவில்லை. வாளித் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறிய பிறகுதான் கையைத் தூக்கிப் பார்த்தார். ஆள்காட்டி விரல் நுனியில் மயிரிழை போல ஒரு கோடு. லேசாக அழுத்தியதும் அது வாய் திறந்தது. பிளேடு இன்னும் துணியின் மடிப்புக்குள்தான் இருந்தது, சோப்பு நுரையோடு ஒட்டிக்கொண்டு.

காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. ஆனால் பிளேடை வைத்தவர் ஒருவர், வெட்டுப்பட்டவர் இன்னொருவர் என்பது என் மனதை விட்டுப் போகவே இல்லை. பழைய பிளேடு விஷயத்தில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. பயன்படுத்துபவருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும், அதனால் அவர் தப்பித்துக்கொள்வார். தரை துடைப்பவர், குப்பைப் பையைத் தூக்குபவர், தவழும் குழந்தை, குப்பையைக் கையால் பிரிக்கும் தொழிலாளி, இவர்களுக்குத் தெரியாது. இதை அடுத்ததாகத் தொடப்போகும் கை யாருடையது என்று ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொண்டால், இங்கே எழுதியிருப்பதில் பாதி உங்களுக்கே தோன்றிவிடும். மீதிப் பாதி கொஞ்சம் கைவேலை.

மழுங்கிய பிளேடு என்று ஒன்று இல்லை

"அது தேய்ந்துபோன பிளேடு, ஒன்றும் செய்யாது" என்று பலரும் நினைக்கிறார்கள். முதலில் இதைத் தீர்த்துவிடலாம்.

சாதாரண இரட்டை முனை பிளேடு ஏறக்குறைய 43 மில்லிமீட்டர் நீளம், 22 மில்லிமீட்டர் அகலம், 0.1 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. பத்து பிளேடுகளை அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் உயரம் வரும். முனையோ அதைவிடப் பல நூறு மடங்கு மெலிது, கண்ணுக்குத் தெரியாத அளவு. நம் தாடி மயிர் பிளேடின் எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. அப்படிப்பட்ட மயிர் எஃகை எப்படிக் கெடுக்கிறது? அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் இதைப் பார்த்து 2020ல் வெளியிட்டார்கள். மயிர் வளைந்து அழுத்தும்போது முனையில் நுண்ணிய சில்லுகள் பெயர்ந்து விழுகின்றன. முனை ஒரேசீராகத் தேய்ந்து மொட்டையாவதைவிட, அங்கங்கே பல்லுப்போன ரம்பம்போல ஆவதுதான் நடக்கிறது.

முகத்துக்கு அந்தப் பல் உறுத்துகிறது, அதனால் தூக்கிப்போடுகிறோம். விரல் தோலுக்கு அந்த முனை இன்னும் தாராளமாகப் போதும். சவரத்துக்கு உதவாத பிளேடால் நூல், காகிதம், அட்டை எல்லாவற்றையும் வெட்ட முடிகிறதே, அதுவே சாட்சி. துருப்பிடித்தாலும் இதே கதைதான். இப்போதைய பிளேடுகள் பெரும்பாலும் குரோமியம் கலந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பதால், குப்பையில் கிடந்து மக்கிப்போகும் என்று எதிர்பார்ப்பதற்கும் இல்லை.

செய்யக் கூடாதவை

காகிதத்தில் சுற்றிப் போடுவதுதான் அதிகம் பேர் செய்வது. எண்ணம் நல்லதுதான். ஆனால் குப்பைப் பையில் ஈரம் இருக்கும். காகிதம் நனைந்து கூழாகிவிடும். மேலே நாலு பொருள் விழுந்து அழுத்தினால் பிளேடு காகிதத்தையும் பையையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து நிற்கும். பையைத் தூக்கும்போது அது தொடையில் உரசுவது இயல்பு. குப்பை அள்ளுபவர்களின் காலில் கீறல் எப்படி வருகிறது என்று இப்போது புரியும்.

கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது இன்னும் மோசம். பிளேடு தட்டையானது, வளைவில் போய் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் முடியும் காகிதமும் சேர்ந்து அடைப்பாகும். அடைப்பை எடுக்க வருபவர் உள்ளே கையை விடுவார்.

எரிப்பவர்களும் உண்டு. எஃகு உருக 1,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். குப்பை நெருப்பில் காகிதமும் பிளாஸ்டிக்கும்தான் போகும். சாம்பலுக்குள் பிளேடு அப்படியே கிடக்கும், நிறம் மட்டும் கறுத்து. சாம்பலை அள்ளிச் செடிக்குப் போடும்போது அது கையைப் பதம் பார்க்கும். மண்ணில் புதைத்தாலும் அடுத்த முறை அந்த இடத்தைக் கிளறும் கைக்குத்தான் போய்ச் சேரும்.

கண்ணாடி பாட்டிலில் சேர்த்து வைப்பதும் சரிப்படாது. குப்பை வண்டியில் நசுங்கும்போது பாட்டில் உடையும். பிளேடோடு கண்ணாடிச் சில்லும் சேர்ந்து இரட்டை ஆபத்து. மெல்லிய தண்ணீர் பாட்டிலைப் பிளேடு உள்ளிருந்தே கிழித்துவிடும்.

உண்டியல் செய்யும் விதம்

நல்ல வழி ஒன்றுதான்: உள்ளே போகும், வெளியே வராது என்றிருக்கும் கெட்டியான டப்பா. நாணயம் போடும் உண்டியல் மாதிரியே. நான் இதைப் பிளேடு உண்டியல் என்றுதான் சொல்கிறேன், வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பெயர் பழகிவிட்டது.

எந்த டப்பா? உணவுப் பொருள் அடைத்து வரும் இரும்புத் தகர டின்தான் என் தேர்வு. பிளேடும் இரும்பு சார்ந்த உலோகம், டின்னும் அதே. பின்னால் மறுசுழற்சிக்குப் போகும்போது இரண்டும் சேர்ந்தே உருகலாம். காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு டின். ஒட்டாவிட்டால் அலுமினியம். அலுமினிய டின் மெலிது, கையால் நசுக்கினாலே மடங்கும். அது வேண்டாம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. டின்னைத் திறந்து உள்ளதை எடுத்துவிட்டால் மேல்மூடி போய்விடும், உண்டியல் செய்ய முடியாது. எனவே கெட்டியான பொருள் அடைத்த டின்னை எடுக்காதீர்கள். பால், சூப், சாறு மாதிரி திரவம் உள்ள டின் வாங்கி, அதைத் திறக்காமலே மேல்புறத்தில் பிளவு போடுங்கள். திரவம் அந்தப் பிளவு வழியாகவே வெளியே வந்துவிடும்.

1. டின்னை வெளிப்புறம் கழுவித் துடைத்து, மடித்த பழைய துணிமேல் அசையாமல் நிறுத்துங்கள். கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள். தகரத்தின் வெட்டும் கூர்மையானதே.

2. மேல்மூடியில் பேனாவால் 25 முதல் 30 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு வரையுங்கள். பிளேடின் குறுகிய பக்கம் 22 மில்லிமீட்டர்தான், அந்தப் பக்கமாகவே உள்ளே இறங்கும். அதனால் பிளவு இதற்கு மேல் நீளமாக வேண்டியதில்லை. நீளம் கூடக்கூட, கவிழ்த்தால் திரும்பி வரும் வாய்ப்பும் கூடும்.

3. தட்டையான முனையுள்ள பழைய திருப்புளியை அந்தக் கோட்டில் வைத்துச் சுத்தியலால் சின்னச் சின்னதாகத் தட்டுங்கள். முதல் துளை விழும்போது திரவம் கொஞ்சம் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்துத் தட்டிப் பிளவை நீட்டுங்கள். அகலம் 2 மில்லிமீட்டர் போதும்.

4. திரவத்தை வடித்து வேறு பாத்திரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். பிளவு வழியாகச் சுடுதண்ணீரும் துளி சோப்பும் விட்டு நாலைந்து முறை குலுக்கிக் கொட்டுங்கள். இதில் சோம்பல் பட்டால் ஒரு வாரத்தில் நாற்றம் வரும், எறும்பும் வரும்.

5. பிளவு கீழே பார்க்கும்படி கவிழ்த்து, ஒரு நாள் முழுக்க உலரவிடுங்கள்.

திருப்புளி உள்நோக்கிக் குத்துவதால் பிளவின் இரு உதடுகளும் உள்பக்கமாக மடிந்திருக்கும். அவற்றை நிமிர்த்த வேண்டாம். பிளேடு வெளியே வராமல் அவைதாம் தடுக்கின்றன. மீனுக்கு வைக்கும் பொறிக்கூடையின் வாய் எப்படியோ, அப்படி.

செய்து முடித்ததும் சோதித்துப் பாருங்கள். பிளேடு அளவுக்கு ஒரு தடித்த அட்டையை வெட்டி உள்ளே போட்டு, கவிழ்த்துக் குலுக்குங்கள். எளிதில் வெளியே வராவிட்டால் நல்ல உண்டியல்.

அப்புறம், எழுத்து. அழியாத மையில், பெரிய எழுத்தில், "பழைய பிளேடுகள். திறக்காதீர்கள்" என்று டின்னைச் சுற்றி இரண்டு இடத்திலாவது எழுதுங்கள். வாசிக்கத் தெரியாதவர் கைக்கும் இது போகலாம் என்பதால் ஒரு பிளேடு படத்தையும் சிவப்பில் வரைந்துவிடுங்கள். நடுவில் துளையுள்ள நீள்சதுரம் வரைந்தாலே யாருக்கும் புரியும்.

டின் கிடைக்காதவர்கள் சலவைத் திரவம் வரும் தடித்த பிளாஸ்டிக் புட்டியைப் பயன்படுத்தலாம். திருகு மூடி இருக்க வேண்டும், பக்கங்களை விரலால் அழுத்தினால் எளிதில் உள்ளே போகக் கூடாது. அதில் பிளவு போட வேண்டாம், ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து போட்டு உடனே இறுக்குங்கள். இது இரண்டாம் பட்சம்தான், திறக்கக்கூடிய எதையும் யாராவது ஒரு நாள் திறப்பார்கள்.

பிளேடு வாங்கும்போதே கிடைக்கும் சின்னப் பிளாஸ்டிக் பெட்டியைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? பல நிறுவனங்களின் பெட்டியில் பின்புறம் ஒரு மெல்லிய பிளவு இருக்கும். பழைய பிளேடைப் போடுவதற்காகவே வைத்தது. புதியதை முன்னால் தள்ளி எடுத்து, பழையதைப் பின்னால் செருகலாம். பல வருடம் பயன்படுத்தியவர்களே இதைக் கவனிக்காமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெட்டி மெலிது. நிறைந்ததும் குப்பையில் எறிந்துவிடாமல், பிளேடுகளை உதிர்க்கவும் முயலாமல், பெட்டியோடே ஒரு பெரிய வாய் டின்னில் சேர்த்து வையுங்கள்.

பிளேடைக் கழற்றும் அந்த அரை நிமிடம்

பயன்படுத்துபவரே வெட்டுப்படும் தருணம் இது ஒன்றுதான். அதனால் அவசரம் கூடாது.

உண்டியலை முதலில் பக்கத்தில் எடுத்து வையுங்கள். கழற்றிய பிறகு தேடப் போனால், பிளேடு ஜன்னல் விளிம்புக்குத்தான் போகும். ரேசரைத் தண்ணீரில் அலசி நுரையைப் போக்குங்கள். பிறகு கையை நன்றாகத் துடையுங்கள். சோப்புக் கையில் பிளேடு வழுக்கும்.

இரட்டை முனை பிளேடில் நீளப் பக்கங்கள் இரண்டும் வெட்டும், குறுகிய பக்கங்கள் இரண்டும் வெட்டாது. கட்டைவிரலும் நடுவிரலும் எப்போதும் அந்தக் குறுகிய பக்கங்களில்தான் இருக்க வேண்டும். மூன்று துண்டாகக் கழலும் ரேசர் என்றால், தலைப்பகுதி கீழே இருக்கும்படி தலைகீழாகத் திருப்பி, தலையின் இரு ஓரங்களையும் அப்படிப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியைத் திருகிக் கழற்றுங்கள். அடித்தகட்டை எடுத்ததும் பிளேடு மேல்மூடியின் முளைகளில் அமைதியாக உட்கார்ந்திருக்கும். நிமிர்த்தி வைத்துக் கழற்றினால் பிளேடு எந்தப் பக்கம் சரியும் என்று சொல்ல முடியாது. வண்ணத்துப்பூச்சி இறகுபோல் திறக்கும் ரேசரில், இரு கதவுகளையும் முழுவதும் திறந்துவிட்டு, குறுகிய ஓரங்களைப் பிடித்து நேராக மேலே தூக்குங்கள்.

ஈரத்தில் பிளேடு உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது நகத்தால் நெம்பாதீர்கள். ரேசர் தலையை ஒரு துணிமேல் லேசாகத் தட்டினால் விலகிவிடும்.

எடுத்ததும் துடைக்க வேண்டாம், முனையைச் சோதிக்க வேண்டாம், "இன்னொரு தடவை ஆகுமோ" என்று பார்க்கவும் வேண்டாம். குறுகிய பக்கம் முன்னால் போக, நேராக உண்டியலுக்குள் விடுங்கள். உள்ளே விழுந்து கிணிங் என்று சத்தம் வரும். அது கேட்ட பிறகுதான் புதுப் பிளேடைப் பிரிக்க வேண்டும். புதியதைச் சுற்றி வந்த மெழுகுக் காகிதத்தைப் பழையதைச் சுற்றப் பயன்படுத்துவது பழைய பழக்கம். உண்டியல் இருந்தால் அதற்கும் தேவையில்லை, காகிதம் மறுசுழற்சிக்கு இடைஞ்சல்தான்.

பிளேடு கை தவறினால்? விடுங்கள், விழட்டும். கை தானாகப் பாயும், அதைத் தடுத்துப் பழகுங்கள். காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு, சத்தம் நின்ற பிறகு பாருங்கள்.

ஈரமான தரையில் விழுந்த பிளேடு ஓட்டோடு ஓடாக ஒட்டிக் கிடக்கும். நகத்தால் சுரண்டினால் வெட்டு நிச்சயம். ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பிளேடின்மேல் வையுங்கள், அது எழுந்து வந்து ஒட்டிக்கொள்ளும். சவர பிளேடுக்கான ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை காந்தம் இழுக்கும். உண்டியலின் வாயருகே கொண்டுபோய், குறுகிய பக்கத்தை உள்ளே நுழைத்துக் காந்தத்தை விலக்குங்கள். காந்தம் இல்லையா, தடித்த அட்டையைப் பக்கவாட்டில் சறுக்கி அடியில் கொடுத்துத் தூக்கலாம். அகலமான ஒட்டு நாடாவை மேலே அழுத்தி எடுத்தாலும் சரி. உடைந்த பிளேடு என்றால் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள், முழு நீள்சதுரம் வருகிறதா என்று. வராவிட்டால் மீதித் துண்டு இன்னும் தரையில்தான் இருக்கிறது. விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்தால் மின்னும்.

வைக்கும் இடம்

பிளேடு மாற்றும் இடத்துக்குக் கை எட்டும் தூரத்தில் உண்டியல் இருக்க வேண்டும். அதே சமயம் குழந்தைக்கு எட்டக் கூடாது. இந்த இரண்டும் முரண்படும் வீடுகள்தான் அதிகம். எனக்குத் தெரிந்த தீர்வு: கண்ணாடிக்கு மேலே, பெரியவர்கள் கை உயர்த்தினால் எட்டும் உயரத்தில், கதவுள்ள அலமாரி. பூட்டு இருந்தால் இன்னும் நல்லது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறும் வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் பூட்டு கட்டாயம். குலுக்கினால் சத்தம் வரும் டப்பா குழந்தைக்கு விளையாட்டுச் சாமான், அதை மறக்க வேண்டாம்.

புதுப் பிளேடுகளும் இதே அலமாரியில் இருக்கட்டும். பழையதற்கு இவ்வளவு செய்துவிட்டு, புதுப் பாக்கெட்டைத் திறந்த அலமாரியில் விடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

பயன்பாட்டில் உள்ள ரேசரைச் சோப்புத் தட்டில் படுக்கவைக்காதீர்கள். சோப்பு எடுக்க வரும் கை பார்க்காமல்தான் நீளும். அலசி, உதறி, தலை மேலே இருக்க ஒரு தாங்கியில் நிறுத்துங்கள். உலர்ந்தால் பிளேடு இன்னும் கொஞ்ச நாள் வரும், உண்டியலுக்குப் போகும் எண்ணிக்கையும் குறையும்.

ஒருவர் ரேசரை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத துளி ரத்தம் போதும். ஹெபடைட்டிஸ் சி கிருமியும் ரத்தம் வழியாகவே பரவுகிறது. குப்பையில் கிடக்கும் பிளேடு வெறும் கீறலோடு நிற்காது என்பதற்கும் இதுவே காரணம்.

மற்ற வகைகள்

கார்ட்ரிட்ஜ் என்பது மூன்று, நான்கு, ஐந்து மெல்லிய பிளேடுகளைப் பிளாஸ்டிக்கில் பதித்தது. பிரித்தெடுக்க முயலாதீர்கள், அதில் லாபமும் இல்லை, விரலுக்கும் நல்லதில்லை. வந்த தட்டிலேயே திரும்பச் செருகி, தட்டு நிறைந்ததும் சுற்றிலும் நாடா ஒட்டி, வாய் அகலமான தனி டப்பாவில் சேர்த்து மூடுங்கள். பிளாஸ்டிக், ரப்பர், எஃகு மூன்றும் ஒன்றாக இருப்பதால் சாதாரண மறுசுழற்சியில் இவற்றை எடுத்துக்கொள்வது அரிது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் ரேசருக்கு அதன் மூடியைப் போட்டு, மூடியைச் சேர்த்து இரண்டு சுற்று நாடா சுற்றினால் போதும்.

முடிதிருத்தும் கத்தியில் போடும் பாதி பிளேடுகளுக்காக முழுப் பிளேடை ஒடிப்பவர்கள், உறையோடு மடித்து ஒடிக்க வேண்டும். வெறும் பிளேடை ஒடித்தால் சில்லு கண்ணுக்குப் பறக்கலாம். பாதிப் பிளேடு உண்டியல் பிளவில் சுலபமாக இறங்கும், சுலபமாக வெளியேயும் வரும். ஆகவே அவற்றுக்குத் திருகு மூடிப் புட்டியே பொருத்தம். புருவம் திருத்தும் சின்ன ரேசர்களை, மூடியைப் போட்டுக் கார்ட்ரிட்ஜ் டப்பாவில் சேருங்கள்.

ஊசியும், சர்க்கரை சோதிக்கக் குத்தும் முள்ளும் இந்த உண்டியலுக்குள் போகவே கூடாது. அவை மருத்துவக் கழிவு, அவற்றைச் சேகரிக்கும் வழியும் வேறு. உங்களுக்கு ஊசி போடும் மருத்துவமனையில் கேட்டால் சொல்வார்கள்.

பயணம் போகும்போது உண்டியலைத் தூக்க முடியாது. பின்புறப் பிளவுள்ள அந்தச் சின்னப் பெட்டி அப்போதுதான் கைகொடுக்கும். தங்கும் விடுதியின் குப்பைக்கூடையில் பிளேடைப் போடாதீர்கள். மறுநாள் காலை அறையைச் சுத்தம் செய்பவர் கூடையின் பையைக் கையால் அமுக்கித்தான் எடுப்பார். பழையதை வீட்டுக்கே கொண்டுவாருங்கள். விமானத்தில் தனிப் பிளேடுகளைக் கைப்பையில் பொதுவாக அனுமதிப்பதில்லை, சரக்கில் போகும் பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெட்டுப்பட்டால்

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி, விடாமல் அழுத்துங்கள். முழுதாகப் பத்து நிமிடம். நடுவில் "நின்றதா" என்று எடுத்துப் பார்த்தால், உறையத் தொடங்கிய ரத்தம் கலைந்து மீண்டும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். துணி நனைந்துவிட்டால் அதன்மேலேயே இன்னொன்றை வையுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் எதையும் காயத்துக்குள் கொட்டாதீர்கள். மருத்துவர் அதைக் கழுவி எடுக்கும்போதுதான் அதிகம் வலிக்கும்.

அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டால், காயம் வாய் பிளந்து நின்றால், விரல் மரத்துப்போனால், விரலை மடக்கவோ நீட்டவோ முடியாவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பிளேடு வெட்டு மெல்லிய கோடாகத் தெரிந்தாலும் ஆழம் போயிருக்கலாம், நரம்பும் தசைநாணும் விரலில் தோலுக்கு மிக அருகில் இருக்கின்றன.

டெட்டனஸ் துருவால் வருகிறது என்பது பரவலான நம்பிக்கை. அதை உண்டாக்குவது மண்ணிலும் தூசியிலும் வாழும் ஒரு பாக்டீரியாவின் விதைத்துகள். பளபளப்பான பிளேடிலும் அது ஒட்டியிருக்கலாம். கடைசித் தடுப்பூசி போட்டு 10 ஆண்டு ஆகியிருந்தால், அழுக்கான காயம் என்றால் 5 ஆண்டு ஆகியிருந்தாலே, மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்தவர் பயன்படுத்திய பிளேடு வெட்டியிருந்தால் அதையும் மறைக்காமல் அன்றே சொல்லுங்கள். ஹெபடைட்டிஸ் பிக்கான தடுப்பூசியைச் சீக்கிரம் போட்டால்தான் பலன்.

குழந்தை பிளேடையோ அதன் துண்டையோ விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள்.

உண்டியல் நிறைந்த பிறகு

நிறைய நாளாகும். வாரம் ஒரு பிளேடு என்றால் வருடத்துக்கு 52தான். ஒரு பிளேடின் எடை ஒரு கிராம்கூட இல்லை. நடுத்தர டின் ஒன்று பல வருடத்துக்கு வரும். இருந்தாலும் விளிம்புவரை நிரப்ப வேண்டாம். முக்கால் பாகம் ஆனதும் நிறுத்திவிடுங்கள். புதுப் பிளேடு உள்ளே விழாமல் பிளவிலேயே குத்திட்டு நின்றால் அதுவே கடைசி அறிகுறி.

எறிந்துவிடும் பிளேடு என்பதே நூற்று இருபது வருடப் பழக்கம்தான். கிங் கேம்ப் ஜில்லெட் தன் ரேசருக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1904ல். அதற்கு முன் சவரக்கத்தியைத் தீட்டித் தீட்டி வருடக்கணக்கில் பயன்படுத்தினார்கள். எறியும் பிளேடு வந்ததும் எங்கே எறிவது என்ற கேள்வியும் வந்தது. அமெரிக்க வீடுகளில் ஒரு காலத்தில் குளியலறை மருந்து அலமாரியின் பின்புறத்தில் ஒரு பிளவு வைத்தார்கள். பழைய பிளேடைப் போட்டால் அது சுவருக்குள் இருக்கும் வெற்றிடத்தில் விழுந்துவிடும். அவ்வளவுதான், அங்கேயே கிடக்கும். இன்றைக்கும் அந்தப் பழைய வீடுகளைப் புதுப்பிக்கச் சுவரை உடைக்கும் தொழிலாளர்கள்முன் துருப்பிடித்த பிளேடுகள் குவியலாகச் சரிகின்றன. கண்ணிலிருந்து மறைத்ததை அப்புறப்படுத்தியதாக எண்ணிக்கொண்டதன் விளைவு அது. நிறைந்த உண்டியலைப் பரண்மேல் போட்டு மறந்துவிட்டால் நாமும் அதையேதான் செய்கிறோம்.

முதலில் பிளவை மூடுங்கள். சுத்தியலால் பிளவின் உதடுகளைத் தட்டி நெருக்கிவிட்டு, மேலே குறுக்கும் நெடுக்குமாக அகலமான நாடாவை மூன்று நான்கு சுற்று ஒட்டுங்கள். எழுத்து மங்கியிருந்தால் மீண்டும் எழுதுங்கள்.

பிறகு உங்கள் பகுதியில் குப்பை எடுக்கும் அமைப்பிடம் நேரடியாகக் கேளுங்கள்: "மூடிய இரும்பு டின்னுக்குள் பிளேடுகள் இருக்கின்றன, எதில் சேர்க்கலாம்?" சில இடங்களில் உலோகத்தோடு எடுத்துக்கொள்வார்கள். சில இடங்களில் ஆபத்தான வீட்டுக் கழிவு என்று தனியாக வாங்குவார்கள். இரண்டும் இல்லாத இடத்தில் சாதாரணக் குப்பையோடுதான் போக வேண்டும், மூடிய டின் என்பதால் அதிலும் யார் கையும் கிழியாது. தனிப் பிளேடுகளை மட்டும் மறுசுழற்சித் தொட்டியில் கொட்டவே கூடாது. பிரிக்கும் இடத்தில் இவ்வளவு சின்னப் பொருள்கள் கன்வேயர் பட்டையின் இடைவெளியில் விழுந்துவிடும், கையால் பிரிப்பவர்களின் உறையையும் கிழிக்கும்.

பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுப்பதென்றால், டின்னை உடைத்துப் பார்க்காமல் அப்படியே எடை போடுபவராக இருந்தால் மட்டும் கொடுங்கள்.

எந்த வழியானாலும் டின்னைப் பையின் அடியில் புதைத்து அனுப்பாதீர்கள். தனியாகக் கையில் கொடுத்து, வாயால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். முதல் முறை நான் கொடுத்தபோது, "அக்கா, இதுக்குள்ள பூரா பிளேடு. திறக்காம அப்படியே போடுங்க" என்றேன். அவர் டின்னை வாங்கி ஒரு முறை மெதுவாகக் குலுக்கிப் பார்த்தார். பிறகு வண்டியின் முன்பக்கக் கொக்கியில் மாட்டியிருந்த தனிச் சாக்கில் வைத்தார். "இப்படிக் கட்டிக் குடுத்தா எங்களுக்குப் பயமில்ல" என்று சொல்லிவிட்டு, இடது உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். கட்டைவிரலுக்குக் கீழே நீளமாக ஒரு பழைய தழும்பு, சுற்றியிருந்த தோலைவிட வெளுத்து.

பழைய உண்டியலை ஒட்டி மூடுவதற்கு முன்பே அடுத்த டின்னில் பிளவு போட்டு, கழுவி, உலர்த்தி, அதே இடத்தில் வைத்துவிடுங்கள். ஒரு நாள் இடைவெளி விட்டாலும் அன்றைய பிளேடு ஜன்னல் விளிம்புக்குப் போய்விடும்.